பாட்டி சொன்னால் ஃபேனைப் போடலாம்

“டீச்சர், புட் த பேன்!”

போன வருஷம் சனிக்கிழமை வகுப்பை ஆரம்பித்த அன்று ஒரு பிள்ளையின் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் ஆங்கில வாக்கியம் இது. சொன்னவனுக்கு ஏழு வயது, முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளப் பொது அறையில் பதினொரு பிள்ளைகள், காலை ஒன்பதரைக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கம். அவன் கேட்டது ஃபேன். ஆங்கிலக் காதுக்கு அது வாணலி, தமிழ்க் காதுக்கோ தலையில் ஊர்கிற சமாச்சாரம். எல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் வந்து நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். அவன் முகம் சுண்டிப்போனது. அன்று முழுக்க எவ்வளவு கெஞ்சியும் அவன் வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஆனால் வீட்டுக்குப் போய்ச் சமைத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது, அந்த வாக்கியத்தில் உச்சரிப்பைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்திருக்கிறது. ஃபேன் என்ற சொல் அவனுக்குப் புதுசே இல்லை, பிறந்ததிலிருந்து வீட்டில் கேட்கிற சொல். இடறியது அந்தப் ‘புட்’. நாம் ஃபேனைப் போடுவோம், லைட்டைப் போடுவோம், டீ போடுவோம், பாய் போடுவோம், சட்டை போடுவோம், பூட்டுப் போடுவோம், கோலம் போடுவோம், இதெல்லாம் முடிந்த பிறகு சண்டையும் போடுவோம். ஒரே ‘போடு’ வீடு முழுக்க ஓடி ஓடி வேலை செய்கிறது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வேலைக்கும் தனி ஆள் வைத்திருக்கிறார்கள்: டர்ன் ஆன், மேக், ஸ்ப்ரெட், வேர், லாக், டிரா. போதாக்குறைக்கு நம் ஊரில் மலாய் வேறு உள்ளே புகுந்துகொள்ளும். ‘புக்கா லம்பு’ (விளக்கைத் திற) என்று கேட்டுப் பழகியவன் ‘ஓப்பன் த லைட்’ என்கிறான், ‘சிம்பான்’ (பத்திரமாக வை) என்று கேட்டுப் பழகியவன் பையை எடுத்து வைக்கச் சொல்ல ‘கீப் யுவர் பேக்’ என்கிறான். பெரியவர்கள் நாமும் அப்படித்தான் பேசுகிறோம், என் வீட்டுக்காரர் உட்பட, யாருக்கும் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. ஆனால் பிள்ளை நாளைக்குத் தாளில் எழுதும்போது சிவப்பு மையால் கோடு விழுகிறது, ஏன் விழுந்தது என்று அதற்குப் புரிவதில்லை.

தமிழ்ப்பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். பாடங்கள் பெரும்பாலும் தமிழில், பிறகு மலாய், அதற்கும் பிறகு வாரத்தில் சில மணி நேரம் ஆங்கிலம். நான் சில வருஷம் தாடிக்காவில், அதாவது பாலர் பள்ளியில், வேலை பார்த்தவள் என்பதால் பக்கத்து வீட்டுப் பெண் “அக்கா, நீங்க கொஞ்சம் சொல்லிக் கொடுத்தா என்ன?” என்று கேட்டாள், அப்படி ஆரம்பித்ததுதான் இந்த வகுப்பு. பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. வீட்டுச் சொற்களிலிருந்து தொடங்கலாம், அதுதானே எளிது என்று நினைத்தேன்.

எளிதாக இல்லை. புத்தகக் கடையில் ‘மை ஹவுஸ்’ என்று ஒரு படச்சீட்டுக் கட்டு வாங்கினேன், வழவழவென்று அழகாக இருந்தது. அதில் இருந்த வீட்டுக்குப் புகைபோக்கி உண்டு, கணப்பு அடுப்பு உண்டு, பரணுக்குப் போகப் படிக்கட்டு உண்டு, நான்கு கால் வைத்த குளியல் தொட்டி உண்டு. புகைபோக்கியைப் பார்த்து ஒருத்தி “டீச்சர், இது ஃபேக்டரில தானே இருக்கும்?” என்றாள். குளியல் தொட்டியைப் பார்த்து இன்னொருத்தி “இதுல துணி ஊறவைப்பாங்களா?” என்றாள். 2018-இல் இங்கே மலேசியாவில் ஒன்றாம், இரண்டாம் ஆண்டு வகுப்புகளுக்கு வெளிநாட்டு ஆங்கிலப் பாடநூல்களைக் கொண்டு வந்தபோதும் இதே கேள்விதான் எழுந்தது: நம் பிள்ளைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பது யார் வீடு? படச்சீட்டில் தப்பு இல்லை, அது யாரோ ஒருவருடைய வீடுதான். எங்கள் பிள்ளைகள் இருப்பது பதினேழாவது மாடியில், இரண்டு அறை வீட்டில், வாசலில் செலிப்பார் (செருப்பு) வரிசை, பால்கனியில் துணி, அடுப்படியில் பிரிட்ஜ் வைத்த பிறகு மிச்சம் ஓர் ஆள் நிற்கிற இடம். சரி, சீட்டுக்கட்டைக் கட்டி அலமாரிக்கு மேலே போட்டேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

அடுத்த வாரம் தலையணை உறை ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். “வீட்டிலிருந்து ஒரு சாமான் கொண்டு வாங்க, உடையாததா, அம்மாகிட்ட கேட்டுட்டு” என்று முன்பே சொல்லியிருந்தேன். அந்தக் கடைசி நிபந்தனையைப் பாதிப் பேர் மறந்துவிட்டார்கள், அது பிற்பாடு தெரிந்தது. சீப்பு, சாவி, சல்லடை, டார்ச் லைட், சோப்புப் பெட்டி, டிவி ரிமோட் (அன்று அந்த வீட்டில் தாத்தா என்ன பார்த்தாரோ), ஒரு தோசைக் கரண்டி. எல்லாவற்றையும் உறைக்குள் போட்டு வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். ஒருவர் கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், பெயரைச் சொல்லக் கூடாது, அது எப்படி இருக்கிறது, எதற்கு உதவும் என்று மட்டும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

முன்பல் இல்லாத பையனின் முறை வந்தது. போன வாரம் முழுக்க ஊமையாக இருந்தவன். கையை முழங்கை வரை விட்டான், கண்ணை மேலே உருட்டினான். “லாங்,” என்றான். கொஞ்ச நேரம் சத்தமில்லை. “கோல்ட். ஹியர் ஃப்ளாட்.” யாருக்கும் பிடிபடவில்லை, ஒருவன் “ஸ்கேல்” என்றான், இன்னொருத்தி “நைஃப்” என்றாள், இவன் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினான். பிறகு என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, மூச்சை இழுத்து, “மை மதர் ஆங்க்ரி, ஷி டேக் திஸ், ஐ ரன்!” என்றான். மற்ற பத்துப் பேரும் ஒரே குரலில் “தோசைக் கரண்டி!” என்று கத்தினார்கள். அந்த வாக்கியத்தில் இலக்கணம் எங்கே எங்கே நொண்டுகிறது என்று எனக்கும் தெரியும், அதை அப்போது நான் தொடவில்லை. இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சேர்ந்து சிரித்தான்.

அப்புறம் வந்தது நியாயமான கேள்வி. “தோசைக் கரண்டிக்கு இங்கிலீஷ்ல என்ன டீச்சர்? தோசைக்கல்லுக்கு?” கரண்டி என்றால் லேடில் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் தட்டையாக இருப்பதை ஸ்பாச்சுலா என்பார்கள், குழியாக இருந்து மாவு ஊற்றுவதுதான் லேடில். தோசைக்கல்லுக்கு அகராதியில் கிரிடில் என்று இருக்கிறது. கோலாலம்பூர் கடைப் பலகைகளில் தோசையே ‘தோசை’ என்றுதான் ரோமன் எழுத்தில் இருக்கிறது, யாரும் அதைப் பான்கேக் ஆக்கவில்லை. இடியாப்பக் குழல், முறம், அம்மி இதற்கெல்லாம் இழுத்துப் பிடித்து ஒரு சொல் தேடுவதைவிட, அது என்ன செய்யும் என்று சொல்லப் பழகினால் போதும் என்பது என் கட்சி. ‘வீ யூஸ் இட் டு...’ என்ற அந்த ஒரு தொடர், நூறு பெயர்ச்சொல்லுக்குச் சமம். பெயர் தெரியாத சாமான் முன்னால் வாயடைத்து நிற்காமல் தப்பிக்கிற வழி அது.

வீட்டுக்குள் ஏற்கெனவே எத்தனை ஆங்கிலச் சொல் குடியிருக்கிறது என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தோம். சோப்பு, கப்பு, பெட்டு, பிளேட்டு, சுவிட்சு. எல்லாவற்றுக்கும் தமிழ் ஒரு வால் ஒட்டி அனுப்பியிருக்கிறது. ஸ்டூலுக்கும் ஸ்பூனுக்கும் முன்னால் ஒரு தலை: இஸ்டூல், இஸ்பூன். இதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தமிழ் தன் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். அதனால் ‘தலையும் வாலும்’ என்று ஒரு விளையாட்டு. நான் சொல்லும் சொல்லில் வால் இருந்தால் விரலைக் கத்திரிக்கோல் ஆக்கி வெட்ட வேண்டும், தலை இருந்தால் உச்சந்தலையில் ஒரு தட்டு. கப்பு, வெட்டு, கப். இஸ்பூன், தட்டு, ஸ்பூன். தமிழ்ச் சொல்லைச் சொல்லி ஏமாற்றுவதும் உண்டு: “பருப்பு!” என்றேன், ஒரு பெண் அதன் வாலையும் வெட்டிவிட்டாள், ‘பருப்’ ஆகிவிட்டது. ஃபேன், பேன் விவகாரத்துக்கு வாயருகே ஒரு டிஷ்யூ காகிதம். ‘ஃ’ வந்தால் உதடு பல்லில் படும், காகிதம் மெதுவாக நெளியும். ‘ப’ வந்தால் படக்கென்று தூக்கும். பல் இல்லாதவனுக்கு மட்டும் தள்ளுபடி, பல் முளைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

‘போடு’ பிரச்சினைக்கு வருகிறேன். சைமன் சேஸ் என்று ஒரு விளையாட்டு எல்லோருக்கும் தெரிந்திருக்கும், சைமன் சொன்னதாகச் சொன்னால் மட்டும் செய்ய வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்குச் சைமனைத் தெரியாது, தெரியாத ஆள் பேச்சை ஏன் கேட்க வேண்டும்? பாட்டி என்றால் பேச்சே வேறு. ‘பாட்டி சேஸ், டர்ன் ஆன் த ஃபேன்.’ ஓடிப்போய் போடுவார்கள். ‘டர்ன் ஆஃப் த லைட்.’ அசையக் கூடாது, பாட்டி சொல்லவில்லை. ‘பாட்டி சேஸ், மேக் டீ.’ ஆற்றுகிற பாவனை. ‘பாட்டி சேஸ், ஸ்ப்ரெட் த மேட்.’ அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் இதைத்தான் ஒரு முறையாகவே வகுத்தார், கட்டளையைக் கேட்டு உடம்பால் பதில் சொல்ல வைப்பது, பேச்சு தானாக வரும்வரை பேசச் சொல்லி நெருக்காமல் இருப்பது. கூச்சப்படுகிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய நிம்மதி இல்லை, வாயே திறக்காமல் விளையாட்டில் இருக்கலாம்.

ஒன்றை மட்டும் மாற்றிவிட்டேன். தப்புச் செய்தால் அவுட் என்பது வழக்கம். முதல் இரண்டு வாரம் அப்படித்தான் நடத்தினேன், ஒவ்வொரு முறையும் முதலில் வெளியே போனது யாருக்கு இன்னும் நிறையக் கேட்க வேண்டியிருந்ததோ அந்தப் பிள்ளை. நன்றாகத் தெரிந்தவர்கள் கடைசிவரை பயிற்சி எடுத்தார்கள், தெரியாதவர்கள் சுவரோரம் உட்கார்ந்து மூக்கை நோண்டினார்கள். இப்போது தப்புச் செய்தவர்தான் அடுத்த பாட்டி. ஒரு முந்தானைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டளை இட வேண்டும். அதனால் வேண்டுமென்றே தப்புச் செய்கிறார்கள் என்பது வேறு கதை.

ஒரு பிள்ளையின் நிஜப் பாட்டி துணைக்கு வந்து பின்னால் உட்கார்ந்திருப்பார். ‘பாட்டி சேஸ், வாஷ் த பிளேட்’ என்று யாரோ சொல்ல, அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, “ஏம்மா டீச்சரு, நான் எப்பம்மா சொன்னேன்?” என்று கேட்டாரே பார்க்கலாம். அடுத்த மாதத்துக்குள் அவரும் ‘டர்ன் ஆஃப்’ சொல்லத் தொடங்கிவிட்டார். வீட்டில் பேரன் டிவி முன்னால் உட்கார்ந்தால் போதும், ஆங்கிலத்தில் உத்தரவு வருகிறதாம்.

எல்லா விளையாட்டும் இப்படி அமையாது. ஒரு நாள் நாற்காலி சுற்றி ஓடுகிற விளையாட்டு வைத்தேன், ‘சேர்’ என்ற சொல் வருகிறதே என்று. நாற்பது நிமிஷம், ஒரே கூத்து, எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது, யார் வாயிலிருந்தும் ஒரு ஆங்கிலச் சொல் வரவில்லை. வரவேண்டிய தேவையே இல்லையே, ஓடினால் போதும். சொல்லைச் சொன்னால்தான் அடுத்த அடி எடுத்து வைக்க முடியும் என்கிற மாதிரி இல்லாவிட்டால் அது வெறும் விளையாட்டு. வெறும் விளையாட்டும் நல்லதுதான், அதற்கு என் வகுப்பு எதற்கு, கீழே திடல் இருக்கிறது.

இன்னொரு தடவை, ஸ்பூன், ஃபோர்க், நைஃப், பிளேட், பவுல், கப் எல்லாவற்றையும் ஒரே நாளில் நடத்தினேன். ஒரே இனம், சேர்ந்து படித்தால் ஏறும் என்று கணக்கு. மறு வாரம் ஃபோர்க் ஸ்பூனாகியிருந்தது, பவுல் பிளேட்டாகியிருந்தது. என் திறமைக் குறைவு என்றுதான் நினைத்தேன். பிறகு தேடிப் படித்தால் 1993-இலேயே தாமஸ் டிங்க்ஹம் என்பவர் சோதித்துப் பார்த்திருக்கிறார்: பொருளில் ஒன்றுக்கொன்று நெருங்கிய சொற்களை ஒரே கட்டாகக் கொடுத்தால், சம்பந்தமில்லாத சொற்களைக் கொடுப்பதைவிட மெதுவாகத்தான் மனதில் நிற்கிறது, ஒன்றையொன்று குழப்பிவிடுகிறது. 1997-இல் ராப் வேரிங் ஜப்பானியர்களை வைத்துச் செய்தபோதும் அதே முடிவு. ஆனால் பாடநூல்கள் இன்றைக்கும் பாத்திரமெல்லாம் ஒரு பக்கம், மேசை நாற்காலியெல்லாம் ஒரு பக்கம் என்றுதான் அடுக்குகின்றன, பார்க்க ஒழுங்காக இருக்கும் அல்லவா.

இப்போது ஒரு நாளைக்கு ஆறு சொல், அதுவும் ஒரு சம்பவத்தைச் சுற்றி. மழை வருகிறது, துணி காய்கிறது: பக்கெட், விண்டோ, டவல், மாப், டோர், ஸ்லிப்பர். ஒருவர் மழையாக நின்று மேசையைத் தட்டுவார், மற்றவர்கள் எதை எடுக்கப் போகிறோம் என்று கத்திக்கொண்டே எடுக்க வேண்டும். சொல்லாமல் எடுத்தால் நனைந்த கணக்கு. சாயங்காலம் நான்கு மணி மழைக்கு ஓடிப் பழகிய கோலாலம்பூர் பிள்ளைகளுக்கு இதில் நடிப்பே தேவைப்படவில்லை.

இந்த டவலில்தான் ஒரு சுவாரசியம் கிடைத்தது. ஒரு பெண் எழுந்து, “டீச்சர், துவாலை, துவாலா, டவல், எல்லாம் ஒரே மாதிரி இருக்கே?” என்றாள். எட்டு வயசு! தமிழ்த் துவாலையும் மலாய் துவாலாவும் போர்த்துகீசியர் விட்டுப்போனது, அலமாரியும் அல்மாரியும்கூட அப்படித்தான். அங்கிருந்து ‘சொந்தக்காரர்’ விளையாட்டு பிறந்தது: மூன்று மொழியிலும் பெயர் சொல்லி, யாருக்கு யார் சொந்தம் என்று கயிறு கட்ட வேண்டும். மலாய்க்காரரின் ‘காத்தில்’ நம் கட்டில். பிரிட்ஜுக்கு மலாயில் ‘பெத்தி செஜுக்’, அதில் இருப்பது நம் பெட்டி. ஜன்னல் திரைக்கு மலாயிலும் திராய். “அப்ப அவங்க நம்மகிட்டேருந்து எடுத்தாங்களா டீச்சர்?” என்று ஒருவன் நெஞ்சை நிமிர்த்தினான். “நாம லாச்சியை அவங்ககிட்டேருந்து எடுத்தோமே” என்றேன். இழுப்பறை என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை, எல்லோர் வீட்டிலும் லாச்சிதான். ஆங்கிலத்தில் டிராயர் என்றதும் மூன்று பேர் ‘டிராயிங்’ எடுத்து வந்தார்கள்.

இடம் சொல்வதில் இன்னொரு குழி. தமிழில் மேசையில் சாவி இருக்கிறது, பெட்டியிலும் சாவி இருக்கிறது, இரண்டுக்கும் அதே ‘இல்’. ஆகவே ‘த கீ இஸ் இன் த டேபிள்’. நான் திருத்துவதில்லை, ரம்பம் எடுத்து மேசையை அறுக்கிற மாதிரி நடிப்பேன், உள்ளே இருந்தால் அறுத்துத்தானே எடுக்க வேண்டும். உடனே நாலு பேர் ‘ஆன், ஆன், ஆன்!’ சாவி ஒளித்து விளையாடும்போது சரியான இடச்சொல் வந்தால்தான் தேடுபவர் ஓர் அடி நகரலாம். அண்டர், பிஹைண்ட் எல்லாம் இரண்டே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். இன், ஆன் மட்டும் இன்னும் வழுக்குகிறது. வழுக்கட்டும், என் ரம்பத்துக்கும் வேலை வேண்டும்.

பெற்றோர்களிடம் புகார் வராமல் இல்லை. “டீச்சர், காசு கொடுத்து விளையாட அனுப்பற மாதிரி இருக்குங்க, வீட்டுப்பாடம் ஏதாச்சும் கொடுங்களேன்” என்று ஒரு அம்மா நேராகவே கேட்டார். கொடுத்தேன். வீட்டுச் சாமான்களில் பெயர்ச்சீட்டு ஒட்டுவது. இது எல்லோரும் சொல்கிற யோசனைதான், இதில் ஒரு குறை உண்டு: இரண்டு நாளில் அந்தச் சீட்டு சுவரோடு சுவராகிவிடும், கண்ணில் படாது. அதனால் ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகு அப்பாவோ அம்மாவோ மூன்று சீட்டை இடம் மாற்றி ஒட்ட வேண்டும், காலையில் பிள்ளை கண்டுபிடித்துச் சரி செய்ய வேண்டும். எது தப்பு என்று சொல்லவும் வேண்டும்: ‘திஸ் இஸ் நாட் எ டோர், திஸ் இஸ் எ ஃபிரிட்ஜ்.’ நான் கொடுத்ததிலேயே அதிகம் வேலை செய்தது இதுதான். ஒரு வீட்டில் மதியம் சாய்ந்து தூங்கிய தாத்தா நெற்றியில் ‘சோஃபா’ ஒட்டியிருந்ததாம். அவர் அதோடு கீழே கோப்பி வாங்கப் போய் வந்துவிட்டார். புகார் சொன்ன அந்த அம்மாதான் இதைச் சொல்லிச் சிரித்தார்.

முன்பல் பையனுக்கு இப்போது ஒரு பல் முளைத்துவிட்டது. போன சனிக்கிழமை உள்ளே வந்தவன் பையைக்கூட வைக்காமல் “டீச்சர், கேன் யூ டர்ன் ஆன் த பேன்?” என்றான். பாதி வந்துவிட்டது. பேனைப் போட்டேன்.

இந்த வாரம் ‘கப்போர்டு’ நாள், உடையாததைக் கொண்டு வரவும். அப்புறம், அந்தத் தோசைக் கரண்டி இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. சிவப்புப் பிடி, நுனி கொஞ்சம் வளைந்திருக்கும். எந்த வீட்டுடையது என்று பிள்ளைகளைக் கேட்டால் பதினொரு பேரும் எங்கள் வீட்டுடையது இல்லை என்கிறார்கள். காரணம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் யாராவது ஓர் அம்மா தேடிக்கொண்டிருப்பீர்கள், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.